எலிக்குக் கொடுத்த மஞ்சள், அக்காவுக்குக் கொடுத்த போத்தல்: நுரையீரல் கேப்சூல் பற்றி என் கருத்து

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலைக் காக்கும் என்று சொல்லி விற்கும் மஞ்சள் கேப்சூல் இது. 60 கேப்சூல் கொண்ட ஒரு போத்தல் 79 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 90 காசு. இரண்டாக வாங்கினால் 150 வெள்ளி. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் கடைவரிசையில் இருக்கும் நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்கள். கடையின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு, உங்கள் ஊரிலும் வேறு பெயரில் இதே போத்தல் இருக்கும். லூனாஸில் ஒன்றைப் பார்த்தேன், சுங்கைப்பட்டாணி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இன்னொன்று.

இரண்டு போத்தல் வாங்கியது நான் இல்லை, என் அக்கா. அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். மருந்தைத் தொடங்கும்போது ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ வந்தால் உடனே வரச் சொன்னார்கள். அந்த ஒரு வரிதான் அக்கா மனதில் தங்கியது. மருந்து நுரையீரலைப் பிடிக்குமாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது கடைத்தம்பியின் காதுக்கும் எட்டிவிட்டது.

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் தொங்குகிறது, லேமினேட் செய்தது. இடது பக்கம் கறுத்துச் சுருங்கிய நுரையீரல் படம், வலது பக்கம் இளஞ்சிவப்பாக மினுங்கும் நுரையீரல் படம், நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. கீழே தமிழில்: "மருந்துகளால் வரும் நுரையீரல் பாதிப்பைத் தடுக்கிறது. ஆய்வில் நிரூபிக்கப்பட்டது." அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம். அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டும் உண்டு, அதோடு கொஞ்சம் பழக்கமும் உண்டு. ஓய்வு பெறும்வரை பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கு அறையில் உதவியாளராக இருந்தேன். ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு. கூண்டு கழுவியதும், எலியை நிறுத்ததும், தீனி அளந்ததும், டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகளின் கை நடுங்கும்போது எலியைப் பிடித்துக் கொடுத்ததும் நான். தோட்டத்தில் பிறந்த எனக்கு எலி ஒன்றும் புதிதல்ல. வெள்ளை எலிதான் புதிது.

சுருக்கத்தைப் படித்ததும் என்ன ஆய்வு என்று புரிந்துவிட்டது. அது நிஜமான ஆய்வு. அதைச் சொல்லாமல் கடையைத் திட்டுவது நியாயமில்லை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தது, 2000ஆம் ஆண்டு வெளியானது. தோல் நிறுவனத்துக்கு நுரையீரலில் என்ன வேலை என்று கேட்கலாம். பதனிடும் தோலிலும் நுரையீரலில் விழும் வடுவிலும் இருப்பது ஒரே புரதம், கொலாஜன். மாட்டுத் தோலில் அதை அளக்கத் தெரிந்தவர்களுக்கு எலி நுரையீரலில் அளக்கத் தெரியாதா?

அந்த ஆய்வில் நுரையீரலைக் கெடுத்த மருந்து பிளியோமைசின். ஜப்பானில் ஹமாவோ உமெசாவா என்ற விஞ்ஞானியின் குழு 1960களில் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. விதைப்பைப் புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்றும் கொடுக்கிறார்கள். புற்றணுவின் டிஎன்ஏவை அறுத்துவிடும். ஆனால் நுரையீரலைப் பிடிக்கும். காரணம் எளிது. உடம்பின் மற்ற இடங்களில் இந்த மருந்தைச் செயலிழக்க வைக்க ஒரு நொதி இருக்கிறது. நுரையீரலிலும் தோலிலும் அது மிகக் குறைவு. மற்ற உறுப்புகள் தப்பிக்க, இந்த இரண்டும் அடி வாங்கும். மனிதருக்குக் கொடுக்கும்போது மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். அதற்குள்ளேயே பத்தில் ஒருவருக்கு நுரையீரல் அழற்சி வரலாம் என்பதால் இருமலைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். வயது கூடினாலும் சிறுநீரகம் சரியில்லாவிட்டாலும் ஆபத்து கூடும்.

எலிக்கு இதை எப்படிக் கொடுப்பார்கள் என்று பார்த்தவள் நான். மருந்து ஊசியில் ஏறி நரம்பு வழியாகப் போவதில்லை. எலியை மயக்கி, நேராக மூச்சுக்குழாய்க்குள் உப்புநீரில் கரைத்த பிளியோமைசினைச் சில சொட்டு விடுவார்கள். இரண்டு பக்க நுரையீரலுக்கும் பரவ வேண்டும் என்று எலியை நிமிர்த்திப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்ப வேண்டும். அது பெரும்பாலும் என் கையில்தான் நடந்தது. மறுநாளிலிருந்து எலி தீனியைத் தொடாது. முடி சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும். எடை இறங்கும். முதல் வாரம் அழற்சி. இரண்டாம் வாரத்திலிருந்து வடு. மூன்றாம் வாரம் நெஞ்சைத் திறந்து பார்த்தால், பஞ்சு போல இருக்க வேண்டிய நுரையீரல் வெளிறி, திட்டுத்திட்டாக இறுகிப் போயிருக்கும். மெல்லிய துண்டாகச் சீவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வடு நீலமாகத் தெரியும். பிள்ளைகள் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும், அது என்னவென்று தெரியாதவர்களுக்கு.

மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினைக் கொடுத்த எலிகளில் அந்த வடு குறைவாக இருந்தது. சென்னைக்காரர்கள் கண்டது அதுதான். பொய் இல்லை. 2003இல் அதே குழு அமியோடரோன் என்ற இதய மருந்தை வைத்தும் செய்து, அதேபோல நல்ல விளைவையே கண்டது. குர்குமின் மட்டுமில்லை, வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டைன், கருஞ்சீரகத்திலும் திராட்சையிலும் இருந்து எடுத்த பொருள்கள் என்று எத்தனையோ எலி நுரையீரலைக் காப்பாற்றியிருக்கின்றன. என் அறையிலேயே எத்தனை இலை, எத்தனை வேர் வந்து போயின! ஒன்றும் மாறாத கூண்டுகளையும் நான்தான் கழுவினேன். அவற்றைப் பற்றி எங்கும் அச்சில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் லேமினேட் தாளின் பொடி எழுத்திலேயே ஒரு வரி இருக்கிறது. கடைத்தம்பி அதைப் படித்திருக்க மாட்டார். குர்குமினை எலிகளுக்கு எப்போது கொடுக்கத் தொடங்கினார்கள்? பிளியோமைசினுக்குப் பத்து நாள் முன்பிருந்தே. பிறகும் தினமும். அதாவது அடி விழுவதற்கு முன்னாலேயே கவசம் மாட்டியாயிற்று. இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. மருந்தை முன்கூட்டியோ, பிளியோமைசினோடு சேர்த்தோ கொடுப்பார்கள். முதல் வார அழற்சியை அடக்கினால் பின்னால் வடு வராது. அப்போது வடுவையே தடுத்துவிட்டது போலத் தெரியும். வடு விழுந்த பிறகு, இரண்டாம் வாரத்தில் கொடுத்துப் பார்த்தால் பல பொருள்கள் கை விரித்துவிடும். அதிலும் ஒரு சிக்கல். ஒரே தடவை மருந்து விட்ட இளம் எலிகளில் அந்த வடு சில வாரங்களில் தானாகவே ஓரளவு கரைந்துவிடுவதுண்டு. அப்போது நன்றி மஞ்சளுக்கா, எலியின் இளமைக்கா? எங்கள் அறைக்கு வந்தவையெல்லாம் எட்டு வாரம் வயதான, கால் கிலோகூடத் தேறாத, சிகரெட்டோ அடுப்புப் புகையோ காணாத ஆண் எலிகள். என் அக்கா அந்த ரகம் இல்லை.

அடுத்தது அளவு. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஆய்வில் எலிக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் குர்குமின். எலியின் அளவை மனிதருக்கு அப்படியே எடை பார்த்துப் பெருக்கக்கூடாது. எலியின் உடம்பு வேகமாக எரிக்கும். 6.2ஆல் வகுப்பது வழக்கம். அப்படியே தள்ளுபடி போட்டாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 48 மில்லிகிராம் வருகிறது. அக்கா 55 கிலோ. ஆக ஒரு நாளைக்கு 2,600 மில்லிகிராமுக்கு மேல். போத்தலில் என்ன இருக்கிறது? மலாயில் எழுதியிருப்பது: ஒரு கேப்சூலில் மஞ்சள் கிழங்குத் தூள் 500 மில்லிகிராம். தூள்தான், பிரித்தெடுத்த சத்து இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். கேப்சூலுக்கு 15 மில்லிகிராம் என்று வையுங்கள். தினம் இரண்டு சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், 30 மில்லிகிராம். எலிக்குக் கொடுத்த அளவை அக்கா எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 177 கேப்சூல், கிட்டத்தட்ட மூன்று போத்தல், 240 வெள்ளி. அதைவிட எலிக்கூண்டில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

சரி, உள்ளே இருப்பதாவது ஒழுங்கா என்று ஒரு கேப்சூலைப் பிரித்தேன். நல்ல மஞ்சள்தான். நிறம் ஆரஞ்சு சாயலில், வாசனை கூர்மையாக, விரலில் தேய்த்தால் சோப்புப் போட்டும் போகாத கறை. மாவு கலந்த பிசுபிசுப்பு இல்லை. கேப்சூல் கூடு தரமானது, வாயில் ஒட்டாமல் இறங்குகிறது. சாப்பிட்ட பிறகு மீன் குழம்பு சாப்பிட்ட மாதிரி ஓர் ஏப்பம் வருவதாக அக்கா சொன்னார், அவ்வளவுதான். மூடியில் முத்திரை இருந்தது, அரசாங்க ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருந்தது, மால் எண்ணும், அதாவது அரசாங்க மருந்துப் பதிவு எண்ணும், இருந்தது. எண்ணின் கடைசியில் 'டி' எழுத்து. அப்படியென்றால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. கனரக உலோகம், கிருமி, கலப்பட மருந்து இல்லை என்று பார்த்துத்தான் அந்த எண் கொடுப்பார்கள். நோயைக் குணமாக்கும் என்று யாரும் பரிசோதித்துச் சான்று கொடுத்ததாக அதற்குப் பொருள் இல்லை. எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தேன். இருக்கிறது, பெயரும் ஒத்துப்போகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், போத்தல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதன் மேல் எழுதியிருப்பது, உடல் நலத்துக்காகப் பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுவது என்று மட்டும். நுரையீரல் என்ற சொல்லே இல்லை. நுரையீரல், மருந்துப் பாதிப்பு, நிரூபணம், எல்லாம் கல்லாப்பக்கத் தாளில்தான். மலேசியாவில் மருந்து விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிய விளம்பரத்தில் கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் எண் போட வேண்டும். அந்தத் தாளில் எந்த எண்ணும் இல்லை. தயாரித்தவர்கள் போட்டதா, விநியோகம் செய்பவர் போட்டதா என்று தம்பியிடம் கேட்டேன். "வேன்ல வர்றவரு கொடுத்துட்டுப் போனாரு ஆன்ட்டி" என்றார்.

இப்போது அக்காவின் மருந்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் பிளியோமைசினுக்கு. மெத்தோட்ரெக்சேட் வேறு வகை. பிளியோமைசின் சேரச் சேரக் கெடுக்கும். மெத்தோட்ரெக்சேட்டின் நுரையீரல் அழற்சி, அரிதாக வருவது, பெரும்பாலும் ஒவ்வாமை போலத் திடீரென்று வரும். மூட்டுவலிக்குக் கொடுக்கும் குறைந்த அளவிலும் வரலாம். முதல் வருடத்தில் வருவது அதிகம், அப்புறமும் வரலாம். அடையாளம் வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கல். அப்படி வந்தால் மருந்தை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமிலம் வாய்ப்புண்ணையும் ஈரல் தொந்தரவையும் குறைக்கும். நுரையீரலுக்கு அதை நம்ப முடியாது. பக்கத்து வீட்டு மாமா இதயத் துடிப்புக்காகச் சாப்பிடும் அமியோடரோன் இன்னொரு ரகம். அயோடின் நிறைந்த மருந்து. கொழுப்பிலும் நுரையீரலிலும் போய்த் தங்கி, நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாது. மனிதருக்கு அந்தப் பாதிப்பு மாதக்கணக்கில் வளர்வது; ஆய்வில் எலிக்கோ நேராக மூச்சுக்குழாயில் விட்டார்கள். சிறுநீர்க் கிருமிக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரான்டோயினும் நீண்ட நாள் சாப்பிட்டால் நுரையீரலில் வடு போடலாம். இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் கெடுக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே போத்தல் தடுக்கும் என்று தாள் சொல்கிறது.

அக்கா நுரையீரல் என்றாலே நடுங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. பால்மரக் காட்டை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பெரும்பாலும் நம் பெண்களுக்குத்தான். முதுகில் பம்பு, மூக்கில் பழைய துணி, காலில் கிழிந்த பூட்ஸ். களைக்கொல்லி பாராகுவாட். அக்காவுக்கு மூக்கில் இரத்தம் வந்ததும், நகம் கழன்றதும் எனக்கு நினைவிருக்கிறது. வாய்க்குள் போய்விட்டவர்கள் பட்ட பாட்டை லயத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முதலில் வாய்ப்புண், பிறகு நாளுக்கு நாள் மூச்சு அடங்கும். நுரையீரல் செல் அதைத் தனக்கு வேண்டிய பொருள் என்று நினைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் ஆக்சிஜனை நச்சாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாராகுவாட் குடித்தவருக்கும் பிளியோமைசின் ஏற்றியவருக்கும் டாக்டர்கள் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடத் தயங்குவார்கள். பாராகுவாட்டுக்கும் எலியைக் காப்பாற்றிய பொருள்கள் உண்டு, வைட்டமின் சி, ஈ என்று. மனிதருக்கு முறிவு மருந்து என்று நம்பிக் கொடுக்க இன்றைக்கும் ஒன்றும் கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்குத் தடை. தடை வந்த செய்தியைப் படித்துக் காட்டியபோது அக்கா, "இப்பதான் போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பயத்தின் மேல்தான் இந்த 79 வெள்ளி 90 காசு உட்கார்ந்திருக்கிறது.

எலியில் வென்று மனிதரில் தோற்றதற்கு என்-அசிட்டைல்சிஸ்டைனே நல்ல சாட்சி. எலியின் வடுவைக் குறைத்தது. காரணம் தெரியாத நுரையீரல் வடு நோய்க்கு அமெரிக்காவில் பேந்தர் என்ற பெரிய சோதனை நடத்தினார்கள். அதை ஸ்டீராய்டோடும் அசதியோப்ரின் என்ற மருந்தோடும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் இறப்பு அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2012இல் வந்தது. தனியாகக் கொடுத்த பிரிவின் முடிவு 2014இல் வந்தது: மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடப் பயன் இல்லை. எலி எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். பிர்ஃபெனிடோன் என்ற மருந்தும் பிளியோமைசின் கொடுத்த வெள்ளெலிகளில் (ஹாம்ஸ்டர்) சோதித்துத்தான் மேலே வந்தது. ஜப்பானில் 2008இல், அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. அதுவும் வடு வளரும் வேகத்தைக் குறைக்குமே தவிர விழுந்த வடுவை அழிக்காது. நாங்கள் கழுவிய கூண்டுகளுக்கு எங்கேயோ ஒரு பலன் இருந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மருந்திலிருந்து நுரையீரலைக் காப்பது என்றால் டாக்டர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் மருந்தை மாற்றுகிறார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் விதைப்பைப் புற்றுநோய் வந்தபோது, மூச்சுதான் அவர் பிழைப்பு என்பதால், முதல் சுற்றுக்குப் பிறகு பிளியோமைசின் இல்லாத கலவைக்கு மாற்றினார்கள். (பிற்பாடு அவர் பந்தயத்தில் செய்த தில்லுமுல்லு வேறு கதை.) மொத்த அளவுக்கு எல்லை வைப்பது, மூச்சுச் சோதனை, அமியோடரோனைக் குறைந்த அளவில் வைப்பது, இருமினால் காத்திருக்காமல் படம் எடுப்பது. இவற்றில் எதையும் போத்தலில் அடைத்து விற்க முடியாது.

கேப்சூலால் கெடுதல் உண்டா என்று கேட்டால், சமையலில் போடும் மஞ்சளுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதை அக்கா தினமும் சாப்பிடுகிறார். கேப்சூலில் தயக்கம் உண்டு. 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்கு ஈரல் அழற்சி வந்து அரசாங்கமே எச்சரித்தது. மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைத் தொடும் மருந்து; அதற்காகத்தான் அக்காவுக்கு அவ்வப்போது இரத்தம் எடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு ஈரல் எண் ஏறினால், பழி எதன் மேல் போடுவது? மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள். இதே கடையில் மிளகுச் சத்து சேர்த்த "பவர்" போத்தல் ஒன்றும் இருக்கிறது, 30 வெள்ளி கூட. மிளகில் உள்ள பைப்பரின் குர்குமினை இரத்தத்தில் இருபது மடங்கு ஏற்றும் என்று 1998இல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பு வெளியேற்றும் வழியையும் அடைக்கும். பல மருந்து சாப்பிடுகிற வயதானவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அந்தப் "பவர்" பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது.

கடையைப் பற்றி. நான் ஆத்திரத்தோடுதான் போனேன். தம்பி மரியாதையான பிள்ளை, சண்டைக்கு வரவில்லை. "ஆன்ட்டி, நான் என்ன படிச்சிருக்கேன், இங்கிலீஷ்ல இருந்தா நல்லதுன்னு மாட்டிட்டேன் லா" என்றார். எலி, பத்து நாள் முன்பு, மூன்று போத்தல் கணக்கு எல்லாம் கல்லாவிலேயே அவருடைய கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். பின்னால் நின்ற ஒரு சீன அங்கிள்கூட எட்டிப் பார்த்தார். "நல்லாயிருக்குன்னு எத்தனையோ பேரு சொல்றாங்களே ஆன்ட்டி?" என்று தம்பி கேட்டார். சொல்வார்கள்தான். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் மிகப் பெரும்பாலானவர்களுக்கு நுரையீரலில் எதுவுமே வரப் போவதில்லை. போத்தல் இருந்தாலும் வராது, இல்லாவிட்டாலும் வராது. அதை அவரிடம் சொன்னேன். பாதி ஏற்றுக்கொண்ட முகம்.

பிரிக்காத போத்தலுக்குப் பணம் திருப்பித் தரவில்லை, கடை விதியாம். அதற்குப் பதில் சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு ஒரு புள்ளி குறைக்கிறேன். ஆனால் சாமான் தரம் என்று வந்தால் இந்தக் கடையை அடித்துக்கொள்ள பக்கத்து ஊர்களில் ஆள் இல்லை. சுக்கு புழு இல்லாமல், உடைத்தால் நார் தெரிகிறது. திப்பிலி பழசு இல்லை. ஓமம் கையில் கசக்கினால் கண் எரிகிறது. அதிமதுரம் மட்டும் வேண்டாம், தூசி. அதுவும் இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. விரலி மஞ்சள் கால் கிலோ 6 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டில் இடித்துச் சலித்தால் கேப்சூலில் இருப்பதற்குக் குறைவில்லாத தூள் வரும்.

மதிப்பெண் கேட்டால், மஞ்சள் தூளாக இந்தப் போத்தலுக்கு ஐந்துக்கு மூன்று. விலைக்கு ஒன்று. நுரையீரல் காக்கும் மருந்தாக, மதிப்பெண் போட அதில் ஒன்றும் இல்லை. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். அந்தச் சமயத்தில் எதைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பில் ஒன்றும் இல்லாத, மஞ்சள் பால் குடிக்கச் சோம்பல் படுகிறவர்கள் வாங்கினால் அவரவர் காசு.

பிரித்த போத்தலை அக்கா அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு எடுத்துப் போனார், நான் சொல்லித்தான். மருந்து கொடுக்கும் சன்னலில் இருந்த மலாய்ப் பெண் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மால் எண்ணை அக்காவின் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள், வேறு என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டார். இதை நிறுத்தச் சொன்னார், வாராந்தர மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார், அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது ஈரல் எண்ணைப் பார்க்கும்படி டாக்டருக்குக் குறிப்பு வைத்தார். இருமல் வந்தால் தவணைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள் என்றும் சொன்னார். கட்டணம் எதுவும் இல்லை.